மண் சுவரில் முட்டும் மூளை: புதிய தீர்வு கண்ணில் படாமல் தடுக்கும் 5 மனப் பழக்கங்கள்

மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு பஸ்ஸில் போகிறவர்கள், சிவகிரியைத் தாண்டியதும் வாசுதேவநல்லூரைக் கடப்பார்கள். மேற்கே மலை, ரோட்டை ஒட்டிக் கடைகள், ஊருக்குள் அர்த்தநாரீஸ்வரர் கோயில். ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகா. இன்று தென்காசி மாவட்டத்தின் சிவகிரி தாலுகா. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடக்கூடிய ஊர்தான். ஆனால் 18-ம் நூற்றாண்டில் பீரங்கியோடு வந்த ஒரு படையை இந்த ஊர் மண் சுவரை வைத்தே திருப்பி அனுப்பியது.

அந்தக் கதைக்கும், ஆபீஸில் ஒரே பிரச்சினையை மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கும் உங்கள் டீமுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

1760-ல் என்ன நடந்தது?

நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர், ஆற்காடு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வரி கட்ட மறுத்தவர். அவருடைய முக்கியமான கோட்டைகளில் ஒன்று வாசுதேவநல்லூர். 1760 டிசம்பரில் அதை முற்றுகையிட வந்தவர் யூசுப் கான். மருதநாயகம் என்ற பெயரில் இன்று பலருக்கும் தெரிந்த அதே தளபதி. பிரெஞ்சுப் படைகளோடு மோதிப் பெயர் வாங்கியவர். போர் தெரியாதவர் இல்லை. ஆனாலும் அந்த முற்றுகை தோற்றது. அவர் திருநெல்வேலிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

எதிரில் இருந்தது கருங்கல் கோட்டை இல்லை, மண் கோட்டை. கல் என்றால் வலு, மண் என்றால் பலவீனம் என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. பீரங்கிக் குண்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கல் சுவர் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. ஒரு இடத்தில் குண்டு விழுந்தால் விரிசல் ஓடும், பக்கத்துக் கல்லும் பெயரும். நன்றாக மிதித்துக் குழைத்து, கனமாக எழுப்பிய மண் சுவர் அப்படி இல்லை. குண்டு உள்ளே புதையும், அதன் வேகத்தை மண் வாங்கிக்கொள்ளும். ஓட்டை விழும், ஆனால் சுவர் சரியாது.

விழுந்த ஓட்டையை அடைப்பதும் சுலபம். 1767-ல் இதே கோட்டையைத் தாக்க வந்தவர் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல். குண்டு பிளந்த இடத்தை, உயிரைப் பற்றிக் கவலைப்படாமல், வைக்கோலையும் பனையையும் திணித்து வீரர்கள் அடைத்துக்கொண்டே இருந்ததை அவர் வியந்து பதிவு செய்தார். வைக்கோல் மாட்டுக்கு, பனை கூரைக்கு என்று நினைக்கும் இடத்தில், அவர்கள் அதைக் கோட்டைச் சுவராகப் பார்த்தார்கள்.

சரி, ஒரு முறை அடிபட்ட கம்பெனி பாடம் கற்றுக்கொண்டிருக்குமே? அங்கேதான் மனித மூளையின் வேடிக்கை ஆரம்பிக்கிறது. 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தள்ளப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கொஞ்ச நாளிலேயே மறுபடி மண்ணால் எழுப்பினார். மார்ச் 31 அன்று அதன் மீது பாய்ந்த கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. கூடுதல் படை வந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

நான்கு வருடம் கழித்து, ராஜஸ்தானின் பரத்பூரில் இன்னும் பெரிய மண் கோட்டை. தளபதி ஜெனரல் லேக். 1803-ல் அலிகர் கோட்டையை வாசல் வழியாகப் பாய்ந்து ஒரே நாளில் பிடித்தவர். 1804 டிசம்பரில் தீக் கோட்டையையும் பிடித்தவர். பரத்பூரிலும் அதே பாய்ச்சல்தான். 1805 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒரு முறை இல்லை, நான்கு முறை. நான்கும் தோல்வி. செத்தவர்களும் காயப்பட்டவர்களுமாக 3,000 பேருக்கு மேல் இழந்தது அவர் படை.

லேக் முட்டாள் இல்லை. அதற்கு முன்பு அந்த வழி வேலை செய்திருந்தது, அவ்வளவுதான். புதிய தீர்வைத் தடுக்கும் முதல் மனப் பழக்கமும் இதுதான்.

பழக்கம் 1: 'போன தடவை இது வேலை செஞ்சுதே!'

ஒரு சின்ன டெஸ்ட். உங்களிடம் மூன்று குடங்கள்: 21 லிட்டர், 127 லிட்டர், 3 லிட்டர். சரியாக 100 லிட்டர் தண்ணீர் அளக்க வேண்டும். எப்படி?

பெரிய குடத்தை நிரப்பி, அதிலிருந்து 21 லிட்டர் குடத்துக்கு ஒரு முறை, 3 லிட்டர் குடத்துக்கு இரண்டு முறை ஊற்றி எடுத்தால், மிச்சம் 100. இதே வழியில் தீரும் கணக்குகள் இன்னும் சில வரிசையாக வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பழகிவிடும். இப்போது புதிய கணக்கு: 23, 49, 3 லிட்டர் குடங்கள். தேவை 20 லிட்டர்.

பழைய ஃபார்முலாவைப் போட்டால் விடை வரும்: 49-லிருந்து 23, பிறகு 3, மறுபடி 3. ஆனால் 23-லிருந்து 3-ஐ எடுத்தாலே போதுமே!

அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-ல் வெளியிட்ட பரிசோதனை இது. முன்கணக்குகளைச் செய்து பழகியவர்களில் பெரும்பாலோர் நீளமான வழியிலேயே போனார்கள். நேராக இந்தக் கணக்குக்கு வந்தவர்கள் சுருக்கு வழியை உடனே பிடித்தார்கள். அடுத்து, பழைய ஃபார்முலா வேலையே செய்யாத ஒரு கணக்கைக் கொடுத்தபோது, பழகியவர்களில் பலர் முழித்தார்கள். தெரிந்த விடை, எளிய விடையை மறைத்துவிட்டது.

அனுபவசாலிகள் தப்பிப்பார்களா? 2008-ல் மெரிம் பிலாலிச்சும் சக ஆய்வாளர்களும் தேர்ந்த செஸ் வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பலகையில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு செக்மேட் இருந்தது; அதைவிடக் குறைந்த நகர்வில் முடியும் இன்னொன்றும் இருந்தது. வீரர்கள் பழகியதைக் கண்டுபிடித்தார்கள். 'இதைவிட நல்ல வழி தேடுகிறேன்' என்றும் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய கண்ணசைவைப் பதிவு செய்த கருவி வேறு கதை சொன்னது. தேடுகிறேன் என்று சொன்ன நேரத்திலும், பார்வை பழைய விடை இருந்த கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தது.

அதாவது, 'திறந்த மனசோடதான் யோசிக்கிறேன்' என்று நீங்கள் நினைப்பது பொய்யில்லை. ஆனால் அது உண்மையாகவும் இருக்க வேண்டியதில்லை.

பழக்கம் 2: ஒரு பொருளுக்கு ஒரு வேலை

ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு அட்டைப் பெட்டி நிறைய குத்தூசிகள். மெழுகு கீழே சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்தி ஏற்ற வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் கார்ல் டுங்கரின் புகழ்பெற்ற புதிர் இது.

விடை: ஊசிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் ஊசியால் குத்தி, அதை மாடமாக்கி, அதன் மேல் மெழுகுவர்த்தியை வைப்பது. ஊசிகள் பெட்டிக்குள் இருந்தபோது பலருக்கு இது தோன்றவில்லை. அதே பெட்டியைக் காலியாகக் கொடுத்தபோது சுலபமாகத் தோன்றியது. ஊசி இருந்தால் அது 'ஊசிப் பெட்டி'. காலியாக இருந்தால்தான் அது வெறும் பெட்டி. பெயர் ஒட்டியதும் கண் மூடிக்கொள்கிறது.

5 வயதுக் குழந்தைகளிடம் இந்தத் தடை பெரிதாக இல்லை, 6, 7 வயதில்தான் அது தலைகாட்டுகிறது என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 'இது எதற்கு' என்று கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, 'இது வேறு எதற்கெல்லாம்' என்பது மறந்துபோகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை மீறுவது புதிதில்லை. தேங்காய் துருவிய பிறகு சிரட்டையைக் குப்பை என்று நினைக்காத யாரோதான் அதில் ஒரு குச்சியைச் செருகி அகப்பை ஆக்கினார்கள். ஆபீஸில் நிலைமை தலைகீழ். 'அது சப்போர்ட் டீம் வேலை', 'அவர் அக்கவுண்ட்ஸ்காரர்', 'அந்த சாஃப்ட்வேர் ரிப்போர்ட் எடுக்க மட்டும்தான்' என்று ஆளுக்கும் கருவிக்கும் லேபிள் ஒட்டிவிடுகிறோம். கஸ்டமர் ஏன் போகிறார் என்பது சப்போர்ட் டீமில் போன் எடுக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மார்க்கெட்டிங் மீட்டிங்குக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

பழக்கம் 3: சோதிக்காத ஒரு நம்பிக்கை

கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தத்தின் கதையைப் பலர் அறிவார்கள். குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி, அவர் எங்கே மாட்டிக்கொண்டார் என்பது.

கடையில் வாங்கிய நாப்கினைப் பிரித்தார். உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தது. கோவைக்காரருக்குப் பஞ்சு தெரியாதா? பருத்திப் பஞ்சிலேயே செய்து பார்த்தார். ஈரத்தைப் பிடித்து வைக்கவில்லை. வடிவத்தை மாற்றினார், மறுபடி செய்தார், மறுபடி தோல்வி. அது பருத்தியே இல்லை. பைன் மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இந்த முயற்சிகளுக்கு நடுவே மனைவி பிரிந்து போனார், தாயும் வீட்டை விட்டுப் போனார், ஊரார் விலகினார்கள். மனைவி திரும்பி வந்தது பிறகு நடந்த கதை.

அவரிடம் உழைப்பு குறையவில்லை, ஐடியாவும் குறையவில்லை. 'இது பஞ்சு' என்ற ஒற்றை நம்பிக்கை, கேள்வி கேட்கப்படாமலே எல்லாச் சோதனைக்கும் அடியில் உட்கார்ந்திருந்தது. அது உடைந்த பிறகு அவர் அடுத்த நம்பிக்கையையும் விட்டுவைக்கவில்லை. நாப்கின் தயாரிக்கக் கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் வேண்டும் என்பதுதான் தொழில்துறையின் எண்ணம். அவர் வேலையைப் பிரித்தார்: கூழை உதிர்ப்பது, அச்சில் அமுக்குவது, மேலே உறை போடுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது. ஒவ்வொன்றுக்கும் எளிய கருவி. கோடிகளில் இருந்த செலவு சுமார் 65,000 ரூபாய்க்கு இறங்கியது.

உங்கள் பிராஜெக்டிலும் இப்படி ஒரு 'பஞ்சு' இருக்கலாம். 'கிளையன்ட் ஒத்துக்க மாட்டார்', 'இளைஞர்கள் நீளமா படிக்க மாட்டாங்க', 'இதுக்கு பட்ஜெட் கிடையாது'. இவற்றில் எதைக் கடைசியாக யார், எப்போது சோதித்துப் பார்த்தார்கள்?

பழக்கம் 4: கூட்டிக்கொண்டே போவது

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லைடி குளோட்ஸ் தன் சின்ன மகனோடு லெகோ பாலம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தூண்களும் ஒரே உயரத்தில் இல்லை. குட்டைத் தூணில் வைக்க இன்னொரு கட்டையை எடுக்க அவர் திரும்பினார். அதற்குள் மகன் உயரமான தூணிலிருந்து ஒரு கட்டையை எடுத்துவிட்டான். பாலம் சரியாகிவிட்டது.

இதிலிருந்து தொடங்கிய ஆய்வு 2021 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஒன்றை மேம்படுத்தச் சொன்னால் மனிதர்கள் முதலில் எதையாவது சேர்க்கத்தான் பார்க்கிறார்கள்; எடுப்பது நல்ல வழியாக இருந்தாலும் அது பலருக்குத் தோன்றுவதே இல்லை. 'எடுப்பதற்குக் காசு கிடையாது' என்று ஒரு வரி ஞாபகப்படுத்தியதும், எடுத்துத் தீர்த்தவர்கள் எண்ணிக்கை கூடியது. எடுக்க வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அந்த வழி இருப்பதே ஞாபகம் வரவில்லை.

பிள்ளைக்கு மார்க் குறைந்தால் இன்னொரு டியூஷன். வேலை தாமதமானால் இன்னொரு ரிவ்யூ மீட்டிங். ஆப் சரியாக ஓடவில்லையென்றால் இன்னொரு அப்டேட்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கூட்டுவது சில நேரம் ஜெயிக்கும். யூசுப் கான் 1761-ல் கூடுதல் பலத்தோடு திரும்பி வந்தார். அந்த மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் வசமாயின. பாஞ்சாலங்குறிச்சியும் கூடுதல் படைக்குத்தான் விழுந்தது. சிக்கலே இதுதான். அவ்வப்போது பலிப்பதால்தான் அது பழக்கமாகிறது. என்ன விலை கொடுத்து ஜெயித்தோம் என்ற கணக்கை, ஜெயித்த பிறகு யாரும் பார்ப்பதில்லை.

பழக்கம் 5: முளைக்கும்போதே எடைபோடுவது

'எல்லாரும் ஐடியா சொல்லுங்க' என்று மேனேஜர் ஆரம்பிக்கிறார். முதல் ஆள் ஒன்று சொல்கிறார். 'அது ஏற்கெனவே ட்ரை பண்ணியாச்சு' என்று ஒரு சீனியர். அதற்குப் பிறகு அறையில் எல்லோரும் லேப்டாப்பைப் பார்க்கிறார்கள்.

குழுவாக உட்கார்ந்து யோசித்தால் அதிக யோசனை வரும் என்பது பரவலான நம்பிக்கை. 1958-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைத் தொகுத்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் முக்கியமான ஒரு காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும், அல்லது 'இது சரிவராது' என்று தானே அழித்துவிடுவோம்.

நம் ஊர் ஆபீஸ்களில் மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. பெரியவர் ஒன்று சொன்ன பிறகு எதிராகப் பேசுவது சங்கடம். அதனால் முதலில் பேசுகிறவர் யாரோ, அவருடைய ஐடியாதான் முடிவு.

சரி, என்ன செய்யலாம்?

பழக்கம் எதிரி இல்லை. அது இல்லாவிட்டால் தினமும் பல் தேய்ப்பதையே புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம். பத்தில் ஒன்பது வேலைக்குப் பழைய விடை போதும். அது போதாத பத்தாவது வேலையை அடையாளம் காண்பதுதான் கஷ்டம். சில எளிய வழிகள் உதவும்.

ஞாபகப்படுத்துங்கள்: லூச்சின்ஸ் தன் பரிசோதனையில் சிலரை 'குருடாக இருக்காதே' என்று தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு வரியே சிலரைச் சுருக்கு வழியைப் பார்க்க வைத்தது. ஒரே முயற்சி இரண்டு முறை தோற்றால், மூன்றாவது முயற்சிக்கு முன் நிறுத்திக் கேட்பது என்று டீமில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கைகளை எழுதுங்கள்: பிரச்சினையைப் பற்றி 'எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே' என்று நினைக்கும் ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று எழுத வேண்டும். பதில் எழுத முடியாத வரியில்தான் 'பஞ்சு' இருக்கிறது.

எடுத்துப் பாருங்கள்: எதையாவது சேர்க்கும் முன், எதை நீக்கினால் இது சரியாகும் என்று ஒரு முறை கேளுங்கள்.

எழுதிவிட்டுப் பேசுங்கள்: மீட்டிங்கின் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் யோசனைகளை எழுதட்டும். சீனியர் கடைசியில் பேசட்டும்.

கொஞ்ச நேரம் விடுங்கள்: வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்புவது, சிக்கிய புதிர்களைத் தீர்க்க உதவுகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியான அலசல் சொல்கிறது. டீ குடிக்கப் போவது வீண் இல்லை.

கேள்வியை மாற்றுங்கள்: இதுதான் முக்கியம். மதுரையில் 1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில்; அறுவை சிகிச்சை நிபுணர்களோ சொற்பம். 'இன்னும் எத்தனை டாக்டர்கள் வேண்டும்' என்று மட்டும் கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்கள். அரவிந்தில் நடந்தது வேறு: டாக்டரால் மட்டுமே முடிந்த வேலை எது என்று பிரித்தார்கள். மற்றதைச் செய்ய கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு அறுவை முடிந்ததும் டாக்டர் பக்கத்து மேஜைக்குத் திரும்பினால், அங்கே அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர்களின் எண்ணிக்கையைவிட அவர்களுடைய நேரம்தான் கேள்வியானது.

பரத்பூர் எப்படி விழுந்தது?

லேக் தோற்று 20 வருடம் கழித்து, 1825 டிசம்பரில் காம்பர்மியர் பிரபு அதே பரத்பூருக்குப் பெரும் படையோடு வந்தார். 1805-ல் கோட்டை அகழியில் தண்ணீர் நிரம்பித் தடையாக இருந்தது. அதனால் இவர் முதலில் பிடித்தது கோட்டையை இல்லை, தண்ணீரைத் திறந்துவிடும் ஏரிக்கரையை. பிறகு அவருடைய கனரக பீரங்கிகளும் சுட்டன. மண் சுவர் அசைந்து கொடுக்கவில்லை. அப்போது அவருடைய ஆட்கள் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்தை நிரப்பினார்கள். 1826 ஜனவரி 18 அன்று வெடி வைத்ததும் கொத்தளம் சரிந்தது. அன்றே கோட்டை விழுந்தது.

சுரங்கம் வைத்துக் கோட்டை பிடிப்பது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. அது லேக்குக்கும் தெரிந்த முறைதான். 'சுவரை எப்படி உடைப்பது' என்ற கேள்வியை விட்டு, 'இந்தச் சுவர் எதன் மேல் நிற்கிறது' என்று பார்க்கத்தான் இவ்வளவு காலமும் இத்தனை உயிரும் ஆனது.

வாசுதேவநல்லூரில் மண்ணையும் வைக்கோலையும் பனையையும் வைத்து நின்றவர்கள் எந்த உளவியல் புத்தகமும் படித்தவர்கள் இல்லை. கையில் இருந்ததை, அதன் பெயரை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். திங்கள்கிழமை மீட்டிங்கில் அதே பிரச்சினை மறுபடி ஸ்கிரீனில் வரும்போது, 'அடுத்து என்ன சேர்க்கலாம்' என்று கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதே சுவரில் நாம் முட்டுவது இது எத்தனையாவது முறை?